ஜூக்பாக்ஸ் பாட்டு இழுக்கிறது, அலைகிறது: எங்கே கைவைப்பது?

தக்கலையில் பேக்கரி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா சவுதியில் வேலை பார்த்த கம்பெனிக் குடியிருப்பில் ஒரு பழைய அமெரிக்க ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டுப் பாட்டைத் தேர்ந்தால் தானே இசைத்தட்டை எடுத்துப் போட்டுப் பாடும் பெட்டி, இருந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது மாமா அதையும் சாமானோடு கொண்டுவந்துவிட்டார். 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்துப் போட்டால் விளக்கு எரிகிறது, கை நீண்டு தட்டை எடுத்து வைக்கிறது, பாட்டும் வருகிறது. ஆனால் அங்கே கணீரென்று பாடிய பெட்டி இங்கே இழுத்து இழுத்துப் பாடுகிறது. அதோடு சுருதியும் ஏறி இறங்கி அலைகிறது. ரப்பர் சக்கரத்தை மாற்று என்கிறார் ஒருவர், மோட்டாரையே மாற்று என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காதால் கேட்டு எண்ணுவதுதான் அது. குழித்துறைப் பக்கம் மைக் செட் வேலையில் சேர்ந்த காலத்தில் எனக்கு ஆசான் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அப்போதெல்லாம் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் தட்டு போட்டுத்தான் பாட்டு. பாட்டு அலைந்தால் பந்தலில் இருக்கும் அத்தனை தலையும் நம் பக்கம் திரும்பும். அதனால் எந்தச் சத்தத்துக்கு எந்த இடத்தில் கைவைப்பது என்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் பெட்டியில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. வேகம் மொத்தமாகக் குறைந்திருப்பது ஒன்று. வேகம் நிலையாக இல்லாமல் அலைவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஒன்றுக்கான வேலையை இன்னொன்றுக்குச் செய்தால் பணமும் போகும், நல்ல பாகமும் போகும்.

இழுப்பை முதலில் பார்ப்போம், அதன் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சவுதியில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 அலை. அமெரிக்காவிலும் 60. நம் நாட்டில் 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. இந்த மாதிரி மோட்டார் சுற்றும் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-க்குச் செய்த மோட்டாரை 50-ல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 37.5 சுற்றுதான் சுற்றும். ஆர்மோனியக் கணக்கில் சொன்னால் ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்குரல் நாலு கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். பி. சுசீலா குரல் யாரோ ஓர் ஆண் பாடுவதுபோல் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதனால்தான்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. தட்டின் லேபிளில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். போனில் ஸ்டாப் வாட்ச் போட்டு, பாட்டு ஓடும்போதே இரண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 90 வந்தால் வேகம் சரி. 75 பக்கம் வந்தால் ஹெர்ட்ஸ் வேறுபாடுதான், வேறு எதையும் தேட வேண்டாம். 75-க்கும் கீழே போனால் அதோடு எங்கோ இறுக்கமும் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க ஸ்ட்ரோப் வட்டம் இருக்கிறது. வட்டமான காகிதத்தில் சமமான கறுப்புக் கோடுகளை அச்சடித்துத் தட்டின்மேல் வைத்து, கரண்டில் மினுக்கும் விளக்கில் பார்ப்பது. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றதுபோல் தெரியும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வட்டத்தில் 45-க்கு 160 கோடுகள் இருக்கும். அது 60 ஹெர்ட்ஸுக்குப் போட்ட கணக்கு. அதை நம் 50 ஹெர்ட்ஸ் விளக்கில் பார்த்தால் 37.5 சுற்றில்தான் கோடுகள் அசையாமல் நிற்கும்! அதாவது, பெட்டி உங்களுக்குத் தவறாக ஓடிக்கொண்டிருக்கும், காகிதம் "எல்லாம் சரி" என்று சொல்லும். நம் கரண்டுக்கு 133 கோடு உள்ள வட்டம் வேண்டும். கணக்கைத் துல்லியமாகப் போட்டால் 133 கோடு அசையாமல் நிற்பது 45.11 சுற்றில். ஆகவே கோடுகள் நிமிடத்துக்குப் பதினைந்து என்ற கணக்கில் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தால் அதுவே சரியான 45.

விளக்குக்கும் ஒரு வார்த்தை. நல்ல எல்.இ.டி. பல்பில் இந்த மினுக்கல் இருக்காது, கோடு எதுவும் தெரியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிவப்பாக எரியுமே ஒரு சின்ன நியான் இண்டிகேட்டர், அது போதும். அறையை இருட்டாக்கிவிட்டு அந்த பாக்ஸைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். கோடுகள் ஒரே திசையில் நிதானமாக ஓடினால் வேகம் தவறு, ஆனால் நிலையாக இருக்கிறது. முன்னும் பின்னும் ஊஞ்சலாடினால் அலைச்சல். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே தெரியும் என்று நினைக்கிறேன்.

இழுப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது, உடனே லேத் பட்டறைக்கு ஓடி, மோட்டார் முனையில் இருக்கும் புல்லியைப் பெரிதாகக் கடைந்து மாற்றிவிடலாமா? வேண்டாம். அலைச்சலை முதலில் தீர்த்துவிட்டுத்தான் அந்த வேலை. காரணம், காய்ந்துபோன எண்ணெயோடு திணறிக்கொண்டு சுற்றும் மோட்டாரின் வேகத்தை அளந்து புல்லி கடைந்தால், பிறகு எண்ணெய் மாற்றியதும் வேகம் ஏறிவிடும். கடைந்த புல்லி வீண்.

சரி, அலைச்சலுக்கு வருவோம். இதில்தான் எண்ணுவது உண்மையாகவே உதவும். அலை எத்தனை நேரத்துக்கு ஒரு முறை வருகிறது என்று தெரிந்தால், எந்தப் பாகம் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். ஏனென்றால் பெட்டிக்குள் சுற்றும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிறது. தட்டு 45-ல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 1.33 வினாடி. உங்கள் பெட்டி இப்போது 37.5-ல் ஓடுவதால் 1.6 வினாடி. ரப்பர் சக்கரம் அதைவிடச் சின்னது, ஆகவே அதைவிட வேகமாகச் சுற்றும். தட்டைத் தாங்கிச் சுற்றும் டர்ன்டேபிளின் விளிம்பு விட்டம் 15 செ.மீ., சக்கரத்தின் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், தட்டு ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் மூன்று சுற்று. மோட்டார் வினாடிக்கு இருபதுக்கும் மேல்.

எனவே அலை தட்டின் சுற்றோடு ஒட்டி, காகிதத் துண்டு ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் வந்தால், தட்டிலோ டர்ன்டேபிளிலோ கோளாறு. ஒரு சுற்றுக்குள் மூன்று நான்கு முறை "வவ்வவ்" என்று வந்தால் ரப்பர் சக்கரம். அலை என்று பிரித்துக் கேட்க முடியாதபடி குரலே கரகரத்து நடுங்கினால் மோட்டார் முனை அல்லது மோட்டார் தாங்கும் ரப்பர்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் திடீர் திடீரென்று வழுக்கினால் எண்ணெய்ப் பிசுக்கு, தட்டு நழுவுவது, அல்லது வோல்டேஜ்.

எந்தத் தட்டைப் போட்டுக் கேட்பது என்பதும் முக்கியம். நாகஸ்வரமோ வாய்ப்பாட்டோ வேண்டாம். கமகம் நிறைந்த இசையில் குரலே அசைந்துகொண்டிருக்கும், பெட்டியின் அசைவு அதற்குள் ஒளிந்துகொள்ளும். பியானோ, சர்ச் ஆர்கன் இரண்டில் ஒன்று நீளமாக நிற்கும் தட்டு வேண்டும். கிறிஸ்துமஸ் கேரல் தட்டு ஒன்று எங்கள் செட்டில் இதற்காகவே இருந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஆர்டர் வந்தால் முந்தின நாள் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை வண்டியில் ஏற்றுவோம்.

இப்போது ஒவ்வொன்றாக.

தட்டோடு ஒட்டி வரும் அலை என்றால், நடுத்துளையைப் பாருங்கள். ஜூக்பாக்ஸுக்கு 38 மி.மீ. பெரிய துளை வேண்டும். நம் நாட்டில் வந்த ஏழு அங்குல ஈ.பி. தட்டுகள் பலவற்றில் சின்னத் துளைதான் இருந்தது. நீங்கள் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று பழைய தட்டுகளை வாங்கி யாரிடமோ துளையைப் பெரிதாக வெட்டிவாங்கியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். துளை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். ஊசி ஓடும் வரி 75 மி.மீ. ஆரத்தில் இருக்கும்போது சுருதி 1.3 சதவீதம் மேலே, 1.3 சதவீதம் கீழே என்று ஆடும். பாட்டு முடிவில் ஊசி உள்ளே வர வர ஆட்டம் இன்னும் கூடும். கண்ணால் பார்க்கவும் முடியும்: ஊசிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக அசைந்தால் துளை நகர்ந்திருக்கிறது. மேலும் கீழுமாக ஏறி இறங்கினால் தட்டு வளைந்திருக்கிறது. பெட்டியோடு வந்த அமெரிக்கத் தட்டு ஒன்று இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அதில் அலை இல்லை என்றால் உங்கள் பெட்டிக்கு ஒன்றும் இல்லை, தட்டுக்குத்தான்.

தட்டு நழுவுவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். லேபிளில் ஒட்டிய காகிதத்துக்கு நேராக டர்ன்டேபிளிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பாட்டு முழுக்க ஓடவிடுங்கள். கடைசியில் இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் நல்லது. விலகியிருந்தால் தட்டு வழுக்குகிறது. டர்ன்டேபிள் மேலுள்ள பழைய ரப்பரோ கார்க்கோ கெட்டித்துக் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, பிடி கொடுத்து அழுத்திச் சுற்றவைக்கும் பெட்டிகளில் இந்தக் கோளாறு அதிகம். ஊசி தேய்ந்து வரியில் உழுதுகொண்டு போனாலும் நழுவல் வரும். ஆகவே ஊசியை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரப்பர் சக்கரம். உங்கள் பெட்டியில் மோட்டார் முனையில் பித்தளைப் புல்லி, அதையும் டர்ன்டேபிள் விளிம்பையும் தொட்டுக்கொண்டு நடுவில் இந்தச் சக்கரம். புல்லியின் சுற்றை விளிம்புக்குக் கடத்துவதுதான் இதன் வேலை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம்: இந்தச் சக்கரம் பெரிதாகவோ சின்னதாகவோ இருப்பதால் தட்டின் வேகம் மாறாது. வேகத்தை முடிவு செய்வது புல்லியின் விட்டமும் டர்ன்டேபிள் விளிம்பின் விட்டமும்தான். நடுவில் இருப்பது வெறும் தரகர். ஆகவே "சக்கரம் தேய்ந்ததால்தான் இழுக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சக்கரம் கெட்டால் அலையும், வழுக்கும். 45 சீராக 37.5 ஆகாது.

சக்கரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் பள்ளம். பெட்டி பல வருடம் அசையாமல் கிடக்கும்போது சக்கரம் புல்லியோடு அழுந்தியே இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றினால் நகம் ஓரிடத்தில் இறங்கி ஏறும். இரண்டாவது, கெட்டித்தன்மை. நகத்தை அழுத்தினால் தடம் பதிந்து உடனே மறைய வேண்டும். தடமே விழவில்லை என்றால் ரப்பர் செத்துவிட்டது. மூன்றாவது, வட்டம். விளிம்புக்கு அருகில் ஒரு பென்சில் முனையை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே வெறும் பளபளப்பு ஏறியிருந்தால் அதைப் போக்குவது எளிது. சக்கரத்தை ஒரு போல்ட்டில் கோத்து, டிரில் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, 400 நம்பர் உப்புத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் ஒட்டி மெல்லத் தொட்டால் போதும். அழுத்தக் கூடாது. பளபளப்பு போய் மங்கலான கறுப்பு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். ரப்பர் அதைக் குடித்து ஊதிவிடும். டர்ன்டேபிள் விளிம்பின் உட்பக்கத்தையும், புல்லியையும் அதே ஆல்கஹாலில் பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். அதன் பிறகு அந்த இடங்களை விரலால் தொடவே கூடாது. கைரேகை எண்ணெயே வழுக்கலுக்குப் போதும். பிடிப்பு வரட்டும் என்று குங்கிலியப் பொடி தூவுகிறவர்கள் உண்டு. இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அது பிசினாகித் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு அலைச்சலை அதிகமாக்கும். சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவதும் அப்படியே. பிடி இறுகும், ஆனால் மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேயும்.

ரப்பர் செத்துவிட்டால் புது ரப்பர் போட வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கத்துக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "வீட்டிலேயே ரப்பர் ஷீட் காய்கிறது, அதில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் என்ன?" ஆகாது. நம் தோட்டத்தில் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருட்டி, புகைக்கூட்டில் காயவைக்கும் ஷீட் பச்சை ரப்பர். வெயிலில் இளகும், அழுத்தினால் அப்படியே நசுங்கி நிற்கும். கந்தகம் சேர்த்துச் சூட்டில் வேகவைத்த பிறகுதான் அது அழுத்தினால் திரும்பி எழும் ரப்பராகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வேலை அது. அச்சகங்களின் ரோலருக்குப் புது ரப்பர் போட்டுக்கொடுக்கும் பட்டறையில் கொடுத்தால் பழைய ரப்பரைச் சுரண்டிவிட்டு, அதே நடுச்சக்கரத்தில் புதிதாக வார்த்து வேகவைத்து, அரைத்து வட்டமாக்கித் தருவார்கள். கேட்க வேண்டியது இரண்டு: கெட்டித்தன்மை ஷோர் ஏ கணக்கில் 45 பக்கம் இருக்கட்டும், அரைக்கும்போது சக்கரத்தின் சொந்த அச்சுத்துளையை நடுவாக வைத்து அரையுங்கள். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் புதுச் சக்கரமும் அலையும். ரப்பர் நன்றாகத்தான் இருக்கும், நடு நகர்ந்திருக்கும்.

ஓர் அனுபவம் சொல்கிறேன். குளச்சல் பக்கம் ஒரு கல்யாண வீடு, மார்கழி முடிந்த குளிர். அதிகாலையில் பாட்டு போட்டால் தட்டு நகரவே மாட்டேன் என்கிறது. கால் மணி நேரம் கழித்து மெல்ல வேகம் பிடித்தது, ஒன்பது மணிக்கு மேல் சரியாக ஓடியது. சக்கரத்தைத் துடைத்தோம், வோல்டேஜ் பார்த்தோம், ஒன்றும் இல்லை. செட்டுக்குத் திரும்பி மோட்டாரைப் பிரித்தபோது, அச்சைச் சுற்றி வெள்ளையாக மெழுகுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்ததும் உருகியது, மணத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய். யாரோ நல்லெண்ணத்தில் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அதுதானே கையில் வரும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும், வெயில் ஏறினால் உருகும். நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பசையாகவும் ஆகும். அன்று தலைவேதனை கொடுத்தது அதுதான்.

உங்கள் மோட்டாரில் தேங்காய் எண்ணெய் இருக்காது. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் விட்ட எண்ணெய் இப்போது வார்னிஷ்போல் ஆகியிருக்கும். போட்ட உடனே இழுத்து, பத்து இருபது நிமிடத்தில் தேறினால் இதுதான். சோதித்துப் பார்க்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் சக்கரத்தை விலக்கி, புல்லியை விரலால் சுண்டுங்கள். சில சுற்றுகள் தானாக ஓடி மெல்ல நிற்க வேண்டும். சுண்டியவுடன் பிடித்ததுபோல் நின்றால் பிரித்துக் கழுவத்தான் வேண்டும். மேலே இருந்து துருப்பிடிப்புக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்தால் அன்றைக்கு ஓடும். அது பழைய பிசினைக் கரைத்து உள்ளே இன்னும் ஆழமாக இறக்கிவிட்டு ஆவியாகிவிடும். ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

பிரிக்கும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் மேல்மூடிக்கும் கீழ்மூடிக்கும் ஓர் ஓரமாக ஆணியால் கீறல் போடுங்கள், திரும்பப் பொருத்தும்போது அதே முகம் வர வேண்டும். அச்சில் கோத்திருக்கும் மெல்லிய வாஷர்கள் எத்தனை, எந்த வரிசை என்று எழுதி வையுங்கள். அச்சையும் புஷ்ஷையும் ஆல்கஹாலில் கழுவுங்கள். புஷ் வெண்கலப் பொடியை அழுத்திச் செய்தது. அதற்குள் நுண்ணிய துளைகள் இருக்கும், எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கழுவினால் அந்த எண்ணெயும் போய்விடும். ஆகவே காயவைத்த பிறகு, வெதுவெதுப்பான எண்ணெயில் ஓரிரவு ஊறவைக்க வேண்டும். டிடர்ஜென்ட் சேர்மானம் இல்லாத எஸ்.ஏ.இ. 20 டர்பைன் எண்ணெய் நல்லது. தையல் மெஷின் எண்ணெய் மெலிது, அவசரத்துக்குச் சரி, ஆனால் அடிக்கடி விட வேண்டியிருக்கும். புஷ்ஷைச் சுற்றி ஃபெல்ட் வளையம் இருந்தால் அதையும் நனையுங்கள். பொருத்திய பிறகு ஸ்க்ரூக்களை ஒரேயடியாக இறுக்காமல், கொஞ்சம் இறுக்கி, மூடியை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டி, அச்சு தளர்வாகச் சுற்றும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு இறுக்குங்கள். இந்தத் தட்டுதலை விட்டுவிட்டால் கழுவிய மோட்டார் கழுவாததைவிட மோசமாக ஓடும். டர்ன்டேபிளின் நடு அச்சையும் இதேபோல் கழுவி, அடியில் இருக்கும் சின்னக் குண்டைத் தொலைத்துவிடாமல் இரண்டு சொட்டு எண்ணெயோடு மாட்டுங்கள்.

மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் மறந்துவிடாதீர்கள். அவை நசுங்கினால் மோட்டார் கீழே இறங்கிவிடும், புல்லி சக்கரத்தைச் சாய்வாகத் தொடும். கெட்டித்துப்போனால் மோட்டார் உறுமல் நேராக ஊசிக்கு ஏறும். எல்லா வளையங்களையும் ஒரே நேரத்தில், ஒரே உயரமுள்ளதாக மாற்றுங்கள். முட்டம், குளச்சல் மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் விளிம்பில் உப்புக் காற்றின் துருப்புள்ளியும் வந்திருக்கும். தக்கலையில் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இரண்டு மழைக்காலமும் பெய்யும் ஊர் நம்முடையது, பெட்டியை ஈரச்சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

வோல்டேஜைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் இழுத்தால் மல்டிமீட்டரை எடுங்கள். உங்கள் மாதிரி மோட்டார் வோல்டேஜ் இறங்கினால் கொஞ்சம் தளரும். பேக்கரி ஓவனும் பிரிட்ஜும் ஒரே லைனில் இருந்தால் பெட்டிக்குத் தனி லைன் இழுங்கள். கரண்டின் ஹெர்ட்ஸ் அலைகிறதோ என்று பயப்பட வேண்டாம். நம் மின்தொகுப்பில் 49.90-லிருந்து 50.05-க்குள் நிறுத்துவதுதான் விதி, அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஜெனரேட்டரில் ஓட்டினால் கதை வேறு. மண்டைக்காட்டுக் கொடைக்கு ஜெனரேட்டரில் செட் ஓட்டிய காலத்தில், இன்ஜின் திணறினால் பாட்டும் சேர்ந்து திணறியது.

இதெல்லாம் முடிந்து, ஸ்ட்ரோப் கோடுகள் ஊஞ்சலாடாமல் ஒரே திசையில் சீராக ஓடத் தொடங்கிய பிறகு, இழுப்புக்கு வைத்தியம். செலவு செய்யும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், மைக் செட்காரர்களுக்குத்தான் இது தோன்றும். பெரிய மைக் செட் ஆம்ப்ளிபயரில் 100 வோல்ட் லைன் அவுட்புட் இருக்கும், குழாய் ஸ்பீக்கர்களுக்குக் கொடுப்பது. போனில் 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைப் போட்டு அந்த ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்தால், அவுட்புட்டில் வருவது 60 ஹெர்ட்ஸ் கரண்ட்தான்! மோட்டாரின் இரண்டு வயரையும் பெட்டியிலிருந்து முழுவதுமாகப் பிரித்து, அந்த அவுட்புட்டில் கொடுத்து, வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். மோட்டார் 20 வாட் என்றால் ஆம்ப்ளிபயர் 150 வாட்டாவது இருக்கட்டும், பத்து நிமிடம் போதும். தட்டு 45-ஐத் தொட்டால் மோட்டாரில் குறையே இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள். 100 வோல்ட் என்பதால் அலட்சியம் வேண்டாம், உயிரை எடுக்கப் போதுமானது. வயர் முனைகளை மூடிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வழி புது புல்லி. வேகம் 5/6 ஆகிவிட்டது, ஆகவே புல்லியின் விட்டம் 1.2 மடங்கு ஆக வேண்டும். 3.9 மி.மீ. இருந்தால் சுமார் 4.7. பித்தளையில் கடையலாம். லேத்காரரிடம் துல்லியத்தை அழுத்திச் சொல்லுங்கள். இவ்வளவு சின்ன விட்டத்தில் ஒரு தலைமுடித் தடிமன் தவறினாலே ஒன்றரை சதவீத வேகம் மாறும். உள்துளையும் வெளிவிளிம்பும் ஒரே பிடியில், லேத்தின் சக்கிலிருந்து கழற்றாமல் கடைய வேண்டும், இல்லாவிட்டால் நடு நகர்ந்து குரல் நடுங்கும். முதலில் 0.1 மி.மீ. பெரிதாகக் கடையச் சொல்லி, மாட்டிப் பார்த்து, கோடுகளை எண்ணி, பிறகு தேய்த்துக் குறைப்பது என் பழக்கம். குறைக்க முடியும், கூட்ட முடியாது. அவசரத்துக்குப் பழைய புல்லிமேல் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டும் விட்டத்தை ஏற்றலாம், வேகம் கிட்டத்தட்ட வரும். ஆனால் அது சரியான வட்டமாக உட்காராது. நாலு நாள் கேட்டுப் பார்க்கலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது.

புல்லி மாற்றினாலும் சூடு மட்டும் மாறாது. 60-க்குச் செய்த மோட்டாருக்கு, அதற்குக் குறித்த 117 வோல்ட்டை 50-ல் அப்படியே கொடுத்தால் கூடுதலாகச் சுடும். அதே 5/6 கணக்கில் 97 வோல்ட் பக்கம் கொடுத்தால் போதும். டிரான்ஸ்பார்மர் சுற்றுபவரிடம் 100 வோல்ட்டுக்கு ஒரு தனி டேப் (சுருளின் நடுவிலிருந்து எடுக்கும் முனை) கேட்டு மோட்டாரை மட்டும் அதில் இணைக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரும் இதே காரணத்தால் சுடும். முதல் வாரம் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கைவைத்துப் பாருங்கள். கை வைத்தபடி ஐந்து வினாடி தாங்க முடியவில்லை என்றால் ஓட்ட வேண்டாம், எழுதுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஒரு சுற்றுக்குள் அலை எத்தனை முறை, பெட்டியோடு வந்த தட்டில் அலை இருக்கிறதா, புல்லியைச் சுண்டினால் எத்தனை சுற்று ஓடுகிறது, இந்த நாலையும் குறித்து அனுப்புங்கள். புல்லியின் விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து மூன்று அளவையும் எழுதுங்கள், சராசரி போட வேண்டாம். சிலவற்றில் புல்லி அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். மூன்று அளவையும் பார்த்தால்தான் எதைக் கடைய வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.